சாரணி ஊமையானால்

திருவனந்தபுரம் வலியசாலை அக்ரஹாரத்தில் வீணை சொல்லிக்கொடுக்கும் மாமிக்கு ஒரு கவலை. புதுத் தந்தி போட்டும் வீணையின் முதல் தந்தியான சாரணி பேசவில்லை, நவராத்திரியோ நெருங்கிவிட்டது. தஞ்சாவூரிலிருந்து வந்து இந்த ஊரில் வீணை பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரை நண்பர் அழைத்துப் போனபோது நானும் உடன் சென்றேன்.

கருவியைத் தொடுவதற்கு முன்பே பெரியவர் கேட்டார்: "எல்லாத் தந்தியும் இப்படியா மாமி, இது மட்டுமா?"

"இது மட்டுந்தான்."

குடத்திலோ தண்டியிலோ விரிசல் இருந்தால் ஏழு தந்தியும் கெட்டிருக்கும். அடுத்து, மெட்டில் விரல் வைக்காமல் மீட்டினார். பிறகு ஒவ்வொரு மெட்டாக அழுத்தி மீட்டினார். எங்கும் அதே மந்தம். மெட்டில் மட்டும் ஒலி அமுங்கினால் மெழுகைச் சந்தேகிக்க வேண்டும். வீணையின் 24 மெட்டுகளும் தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த மேடையில்தான் நிற்கின்றன. அது இளகினால் மெட்டு அசைந்து ஸ்வரம் செத்துவிடும். தந்தியே பழசாகியிருந்தாலும் நாதம் மங்கும். இந்த ஊர்க் கடற்காற்றும் விரல் வியர்வையும் எஃகைத் துருவேற்றும். சுற்றுத் தந்தியின் இடுக்குகளில் அழுக்கு அடையும். கிட்டார் வாசிப்பவர்களுக்கும் இந்தத் தொல்லை தெரியும். ஆனால் மாமி போட்டிருந்ததோ புதுத் தந்தி.

மிஞ்சியது, தந்திகள் ஏறி நிற்கும் குதிரை. தந்தியை முறுக்கும் பிரடையைத் தளர்த்தித் தந்தியை ஒதுக்கிவிட்டு, குதிரை மேலிருந்த வெண்கலத் தகட்டில் நகத்தை ஓட்டினார். ஓரிடத்தில் நகம் தடுக்கியது. பல வருஷ வாசிப்பில் சாரணி தனக்கென்று ஒரு பள்ளம் தோண்டியிருந்தது.

அந்தத் தகடு தட்டையானது அல்ல. மெல்லிய வளைவு உடையது. அதிரும் தந்தி அந்த வளைவைத் தொட்டும் விட்டும் ஆடுவதில்தான் வீணையின் நாதம் பிறக்கிறது. சர் சி. வி. ராமன் 1921-லேயே இதை ஆராய்ந்தார். தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அங்கே அசையாமல் நிற்க வேண்டிய மேல்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது பழைய விதி. வீணையிலும் தம்புராவிலும் அவை ஒலிப்பதைக் கண்டு, வளைந்த குதிரையே காரணம் என்றார். பள்ளம் விழுந்த தகட்டில் அந்த ஆட்டம் கெடுகிறது.

பெரியவர் பையிலிருந்து ஒரு சிறு அரத்தை எடுத்தார். அவருடைய அப்பா பயன்படுத்தியது; மரப்பிடியில் கட்டை விரல் படும் இடம் தேய்ந்து குழிந்திருந்தது. தொழிலுக்கு வந்து நெடுநாள் வரை அவரை அதைத் தொடவே அப்பா விடவில்லையாம். "மரத்துல பிசகினா ஒட்டு வைக்கலாம் சார். தகடு தேஞ்சா திரும்ப வளராது" என்றார். இரண்டு இழுப்பு, தந்தியை ஏற்றி ஒரு மீட்டு, காதைச் சாய்த்துக் கேட்பது, மறுபடி இறக்கி இன்னொரு இழுப்பு. அதிகம் ராவினால் தந்தி தாழ்ந்து மெட்டில் உரசும். கடைசியில் உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கினார். மாமி மீட்டினார், சாரணி கணீரென்று பேசியது.

இந்த வேலைக்கு என்ன கூலி? இசைக்கருவிக் கடை வழியாக வேலை வந்தால் அதில் ஒரு பங்கு கடைக்குப் போய்விடும். தகட்டைத் தேய்ப்பதற்கு இவ்வளவா என்று பேரம் பேசுகிறவர்களும் உண்டு. அந்த அரத்துக்குப் பின்னால் இரண்டு தலைமுறைக் காது இருக்கிறது என்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். 2013-இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது நல்லதுதான். அது பெயரைக் காக்கும், பழுதுபார்ப்பவரின் கூலியைக் காக்காது. 1939-இல் தொடங்கப்பட்ட, கே. எஸ். நாராயணசுவாமி போன்ற வீணை மேதை முதல்வராக இருந்த சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி உள்ள ஊர் இது. இங்கேயே ஒரு பழுதுக்குத் தஞ்சாவூர்க் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. பெரியவரின் மகன் இந்தத் தொழிலுக்கு வரவில்லை.

வீட்டில் வீணை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு தந்தி மட்டும் மந்தமாகி, புதுத் தந்தி போட்டும் சரியாகாவிட்டால் குதிரைத் தகட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கூலியை நேராக வேலை செய்தவர் கையில் கொடுங்கள்.