பின்வாங்குக் கேள்வியும் களஹாரி வண்டும்

கடந்த கிழமை தரம் 9 பிள்ளை ஒருவருக்குப் பிழையான பதிலைச் சொல்லிவிட்டேன். நேற்று வகுப்பில் திருத்தினேன். பெற்றோர் பலர் இங்கே இருப்பதால் இங்கும் எழுதுகிறேன்.

ஆபிரிக்காவின் களஹாரியில் சான் மக்கள் விஷ அம்பால் வேட்டையாடுவதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த விஷம் டயம்ஃபிடியா என்ற இலை வண்டின் புழுவிலிருந்து வருகிறது. வளர்ந்த வண்டு ஒரு சென்ரிமீற்றர் அளவுதான்.

"அப்ப அந்த இறைச்சியத் திண்டா ஆக்களும் மௌத்தாகிடுவாங்களே சேர்?" என்று பின்வாங்கில் இருந்து கேட்டாள்.

மணி அடிக்கப்போகிற நேரம். "சமைச்சாப் போயிரும், இரிங்க மகள்" என்று முடித்துவிட்டேன். அவள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

வீட்டுக்கு வந்து வாசித்தால் விஷயம் வேறு. அந்த விஷம் குருதியில் கலந்தால்தான் கொல்லும், செங்குழியங்களை உடைத்துவிடும். வயிற்றுக்குள் போனால் அந்த வேலை நடக்காது. நான் அடுப்பின் மேல் போட்டுத் தப்பியிருக்கிறேன்.

புழுவின் கதை இன்னும் அதிசயம். கொம்மிஃபோரா மரத்தின் இலையைத் தின்று வளர்ந்து, மரத்தடி மண்ணுக்குள் இறங்கி, மண்ணாலேயே கூடு கட்டிச் சில நேரம் வருடக்கணக்கில் கிடக்கும். எந்த மரத்தடி என்று அறிந்தவர்கள் தோண்டி எடுக்கிறார்கள். அதன் சாற்றை அம்பின் நுனியில் பூசுவதில்லை, சற்றுப் பின்னால்தான் பூசுகிறார்கள். கை தவறி நுனி கீறினாலும் ஆள் பிழைக்க வேண்டுமே! அம்பு பட்ட ஒட்டகச்சிவிங்கி உடனே விழாது. காலடி பார்த்து நாட்கணக்கில் பின்னால் போக வேண்டும்.

நம் வேலிக் கிளுவையும் அதே கொம்மிஃபோரா சாதிதான். இதைச் சொன்னதும் சில பொடியன்மார் வேலியடியைக் கிண்டப் போனார்களாம். அந்த வண்டு இங்கே இல்லை, பெற்றோர் பயப்பட வேண்டாம். வேலிதான் பாவம்.

பொட்சுவானாவில் 2014 இல் வேட்டைக்குத் தடை வந்தது, 2019 இல் நீக்கினார்கள். வடகிழக்கு நமீபியாவின் நயே நயே பகுதியில் மரபு வேட்டைக்கு இடம் இருக்கிறது. வேட்டைக்குப் போகாத பேரப்பிள்ளைக்கு எந்த மரத்தடியைத் தோண்டுவது என்று யார் காட்டிக்கொடுப்பது? அந்த அறிவு எந்தப் பாடப்புத்தகத்திலும் முழுதாக இல்லை.

நேற்றுத் திருத்தியபோது அவள் அடுத்ததை வைத்திருந்தாள்: "அந்தப் புழுவையே திண்டு வாழுற பூச்சி ஒண்டும் இல்லையா சேர்?"

இந்த முறை "தேடிட்டு வாறன் மகள்" என்றேன். இருக்கிறது. லெபிஸ்டினா என்ற வேறொரு வண்டின் புழு இதில் ஒட்டுண்ணியாக வாழ்கிறது. சான் வேட்டைக்காரர் அதையும் அம்புக்கு எடுக்கிறார்கள். திங்கட்கிழமை முதலாம் பாடத்திலேயே சொல்லவேண்டும்.