தேய்ந்த எழுத்தைத் தேய்க்காதீர்கள்

நான் பட்டாளத்தில் சேர்ந்த காலத்தில் எங்கள் கையில் இருந்தது 303 ரைஃபிள்தான். 1962 சீனப் போரிலும் நம் ஜவான்கள் அதைத்தான் சுமந்தார்கள். அதன் தோட்டாக்களை ஐந்தைந்தாகக் கவ்விப் பிடிக்கும் சின்ன இரும்புத் தகடு, சார்ஜர் கிளிப். இரண்டு கிளிப் இறக்கினால் மேகசின் நிறைந்துவிடும். அதற்குமேல் அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

எங்கள் கோத்தில், அதாவது ஆயுதக் கிடங்கில், ஆர்மரராக இருந்த ஹவில்தார் பார்த்தார். ஒருநாள் புதுப் பையன் ஒருவன் துருப்பிடித்த கிளிப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க உட்கார்ந்தான். அவர் திட்டவில்லை. "இரு தம்பி" என்று வாங்கி, மண்ணெண்ணெய்த் துணியில் சுற்றி ஓரமாக வைத்தார். மறுநாள் துடைத்து, ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தார். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும் முதுகில் பொடி எழுத்து ஒன்று எழும்பியது. அதைப் பையனையே படிக்கச் சொன்னார். பொறுமை என்றால் என்னவென்று எனக்குக் காட்டியது அந்த ஒரு ராத்திரி ஊறல்தான்.

பிறகு தோட்டாவின் அடியையும் படிக்கக் கற்றுக்கொடுத்தார். ஆர், எல் நடுவே அம்பு இருந்தால் லண்டன் வூலிச்சின் ராயல் லேபரட்டரி. எம்.எஃப். என்றால் ஆஸ்திரேலியாவின் ஃபுட்ஸ்கிரே. கே, எஃப் நடுவே அம்பு என்றால் நம் புணே பக்கத்துக் கிர்கி. வெறும் கே என்றால் பர்மிங்ஹாமின் கைனாக். எஃப் மழுங்கிவிட்டால் கிர்கிச் சரக்கு சீமைச் சரக்காகிவிடும். அதனால் அம்பைத் தேடு என்பார். கூடவே ரோமன் ஏழு இருந்தால் அது வருடமல்ல, 1910இல் வந்த ஏழாம் மார்க் தோட்டா.

ஒன்றை அழுத்திச் சொல்வார்: கிளிப்பின் எழுத்து கிளிப்புக்கு மட்டுமே சாட்சி. காலிக் கிளிப்பில் மறுபடி தோட்டா ஏற்றுவது உண்டு. இங்கிலாந்துக் கிளிப்பில் கிர்கித் தோட்டா உட்கார்ந்திருக்கலாம். இரண்டையும் தனித்தனியாகப் படித்து, தனித்தனியாக எழுதிவைக்க வேண்டும்.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிளிப் கிடைத்ததென்று இப்போதும் பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள். தோட்டா இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். இருந்தால் தொடாமல் போலீஸுக்குச் சொல்லச் சொல்வேன். காலிக் கிளிப் என்றால் உட்கார்ந்து பார்ப்போம். எழுத்தே இல்லாத கிளிப்பும் வரும். 'ஏதாவது ஒரு பேர் சொல்லுங்க தாத்தா' என்பார்கள். அதற்கு மட்டும் நான் சம்மதிப்பதில்லை.