அன்று என் பேக்கில் இருந்தவை



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவங்க தேத்தண்ணியோட இருந்து வாசிங்க.

போன கிழமை மகளோடு மலையில் எடுத்த போட்டோ ஒன்றைப் போட்டிருந்தேன். "பெட்டி தேடப் போனோம்" என்று மட்டும்தான் எழுதினேன். அதுக்குப் பிறகு ஊரில் எங்கே போனாலும் இதே கதைதான். மாணவர்களின் உம்மாமார் நாலைந்து பேர், "டீச்சர், எங்கட புள்ளைகளும் கேக்குதுகள், என்னென்ன கொண்டு போகணும் எண்டு எழுதுங்களேன்" என்றார்கள். என் மாமி மட்டும், "எனத்துக்கு மகள் இந்த வேல? யாரோ ஒளிச்சு வெச்ச சாமான நீங்க ஏன் தேடுற?" என்று கேட்டா. இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

விளையாட்டின் பெயர் ஜியோகேஷிங். ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை எங்கேயாவது மறைத்து வைத்து, அந்த இடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் இணையத்தில் போடுவார். மற்றவர்கள் போனில் அந்த ஆள்கூறுகளைப் போட்டுத் தேடிப் போகவேண்டும். பெட்டிக்குள் ஒரு சின்னக் கொப்பியோ கடதாசிச் சுருளோ இருக்கும். அதில் பெயரும் திகதியும் எழுதி, இருந்தபடியே திரும்ப வைத்துவிட்டு வரவேண்டும். பரிசு ஒன்றும் இல்லை.

2000ஆம் ஆண்டு மே மாதம் வரைக்கும் ஜீபிஎஸ் சமிக்ஞையை அமெரிக்கா பொதுமக்களுக்கு வேண்டுமென்றே குழப்பித்தான் கொடுத்தது. 100 மீற்றர் வரை பிழை வரும். மே 2ஆம் திகதி அந்தக் குழப்பத்தை நிறுத்தினார்கள். அடுத்த நாளே ஒரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சில சாமான்களைப் போட்டுக் காட்டுக்குள் வைத்து, இடத்தை இணையத்தில் எழுதினார். அதற்குள் ஒரு டின் பீன்ஸும் இருந்தது. அப்படித் தொடங்கியதுதான் இந்த விளையாட்டு.

நான் புவியியல் படிப்பிக்கிறவள். ஆசிரியர் கலாசாலையில் இருந்த காலத்தில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர், "இடவிளக்கப்படத்தை மேசையில விரிச்சு வெச்சுப் படிப்பிச்சா புள்ளைக்குப் படம்தான் தெரியும், இடம் தெரியாது" என்பார். அகலாங்கு நெட்டாங்கை வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு ஒரு நாளும் நடந்ததில்லை. வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி லீவுக்கு வந்தபோது இதைக் காட்டித் தந்தான். அன்றிலிருந்து எனக்கும் என் பத்து வயது மகளுக்கும் இந்தக் கிறுக்கு.

சரி, பேக்குக்கு வருவோம். அன்று காலை நான் அடுக்கியது இவ்வளவும்:

பேனை இரண்டு, பென்சில் ஒன்று. முதல் சாமான் இதுதான். பெட்டிக்குள் பேனை இருக்கும் என்று நம்பிப் போகாதீங்க. ஈரக் கடதாசியில் பேனை எழுதாது, பென்சில் எழுதும்.

போனும் பவர் பேங்கும். ஜீபிஎஸ் வேலை செய்தால் சார்ஜ் தண்ணியாக ஓடும். மலையில் சிக்னல் இல்லாமல் போகலாம், அதனால் ஆள்கூறுகளையும் குறிப்புகளையும் ஒரு துண்டில் எழுதி எடுங்க. வெட்டை வெளியில் போன் ஐந்து மீற்றர் அளவுக்குச் சரியாகக் காட்டும். மரத்துக்கடியிலும் பாறை இடுக்கிலும் பிழை கூடும். அங்கே போனைப் பார்த்துக்கொண்டு சுற்றுவதை விட்டுவிட்டுக் கண்ணால் தேடவேண்டும்.

டோர்ச், மேலதிக பெட்டரி. பகலென்றாலும் பொந்துக்குள் இருட்டுத்தான்.

தடித்த கையுறை, ஒரு கம்பு. கல்லிடுக்கில் வெறுங்கையை விடவே கூடாது. எங்கள் பக்கத்துக் காய்ந்த இலைக் குப்பையில் கோப்பி விரியன் கிடக்கும், சிங்களத்தில் குணகட்டுவா என்பார்கள். முதலில் கம்பால் தட்டுங்க, பிறகு டோர்ச் அடிங்க, அதுக்குப் பிறகுதான் கை. தப்பித் தவறிக் கடித்தால் கட்டுப் போடவும் கீறவும் வேண்டாம். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

நீட்டு மேஸ், சவர்க்காரக் கட்டி ஒன்று. மழை பெய்த அடுத்த நாள் என்றால் அட்டை கட்டாயம். மேஸுக்கு மேல் சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டால் ஏறுவது குறையும். ஏறினாலும் பிய்த்து இழுக்காமல் நகத்தால் வழித்து எடுங்க.

ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், ஒரு ஜீவனி பக்கட், லன்ச் ஷீட்டில் கட்டிய சோறு, பிளாஸ்டர், தொழுகைக்கு மெல்லிய முஸல்லா. மாற்றிக்கொள்ள ஏதாவது சின்னச் சாமான்: எடுத்தால் அதற்குச் சமமானதையோ அதைவிட நல்லதையோ வைக்கவேண்டும் என்பது விளையாட்டின் ஒழுங்கு. தின்பண்டம் வைக்கக்கூடாது, மிருகங்கள் பெட்டியை உடைத்துவிடும். மகள் மூன்று கண்ணாடி மாபிளும் ஒரு கீடேக்கும் எடுத்துக்கொண்டாள். குப்பை பொறுக்க ஒரு சொப்பிங் பேக்கும் வைத்தேன்.

இவ்வளவும் அடுக்கி, சிப்பை இழுத்து, பிஸ்மி சொல்லிப் புறப்பட்டோம்.

இடம் கண்டிக்கு மேலே ஒரு மலை. எந்த மலை என்று சொல்லமாட்டேன், பெட்டியை மறைத்தவருக்கு நான் செய்யும் மரியாதை அது. வளைவுகளில் சின்னவன் வாந்தி எடுத்ததால் இவர் அவனோடு கீழே வேனில் நின்றுகொண்டார். நானும் மகளும் மட்டும் ஏறினோம். ஒரு பழைய கருங்கல் மதில், பக்கத்தில் தேயிலை. போன் "4 மீற்றர்" என்று காட்டியது. நான் முழங்காலில் இருந்து கல்லிடுக்கில் கம்பை விட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். மகள் டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பின்னால் ஒரு குரல். சிங்களத்தில், "என்ன வைக்கிறீங்க அங்கே?"

"என்ன தேடுறீங்க" என்று கேட்கவில்லை.

திரும்பினேன். எழுபது வயதிருக்கும் ஒரு பெரியவர். அவருக்குப் பின்னால் இரண்டு இளைஞர்கள். ஒரு நிமிடம் என்னை நானே அவர்கள் கண்ணால் பார்த்தேன். கறுப்பு அபாயா, பெரிய பேக், கையுறை போட்ட கை, மதில் இடுக்கு.

எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும். ஆனால் அந்த நேரம் தொண்டையில் நின்றுவிட்டது. விளையாட்டு என்றேன், பெட்டி என்றேன். பெட்டி என்ற சொல்லைக் கேட்டதும் அவர்கள் முகம் இன்னும் இறுகியது. "பேக்கைத் திறந்து காட்டுங்க மிஸ்" என்றார் பெரியவர். சத்தம் போடவில்லை. மரியாதையாகத்தான் கேட்டார்.

காலையில் அடுக்கியதை எல்லாம் ஒவ்வொன்றாக ஒரு பாறையில் எடுத்து வைத்தேன். பேனை. பென்சில். சவர்க்காரக் கட்டி. சோற்றுப் பொதி. முஸல்லா. கடைசியில் பவர் பேங்கும் அதன் வயரும். அதோடு, சிதறாமல் இருக்கட்டும் என்று நான் கறுப்பு டேப் சுற்றி ஒன்றாகக் கட்டியிருந்த நாலு பெட்டரி.

ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. ஒரு இளைஞன் ஓரடி பின்னால் போனான். அதை நான் கண்டேன்.

அப்போது மகள் முன்னுக்குப் போனாள். பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களத்தில், "சீயா, அது போனுக்கு. நான் காட்டுறேன்" என்று சொல்லி வயரை என் போனில் மாட்டி, சார்ஜ் ஏறுவதைத் திரையில் காட்டினாள். பிறகு டோர்ச்சைக் கழற்றி, உள்ளே இருந்த பெட்டரியையும் டேப் சுற்றிய பெட்டரியையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தாள். வகுப்பில் செய்து காட்டும் பரிசோதனை போல.

பெரியவர் மூச்சு விட்டார். சூழல் இளகியது. நான் விளையாட்டை முழுதாக விளங்கப்படுத்தினேன். அவர் தலையாட்டிவிட்டு, "ஆ... அதுதான் அன்றைக்கு ரெண்டு வெள்ளைக்காரர் வந்து இந்த மதிலைத்தான் நோண்டிக்கொண்டு நின்றாங்க. எங்களுக்கு ஒன்றும் விளங்கல்ல. பிறகு நான்தான் அவங்களுக்குக் கீழே போகக் குறுக்கு வழி காட்டினேன்" என்றார்.

நான் விட்டிருக்கலாம். மகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபடியால் விட முடியவில்லை. "அவங்கட பேக்கையும் பார்த்தீங்களா சீயா?" என்று கேட்டேன். கோபமாக இல்லை, சாதாரணமாக.

அவர் கொஞ்ச நேரம் தேயிலைப் பக்கம் பார்த்தார். "இல்லை" என்றார். பிறகு, "கவனமாக இறங்குங்க, கல் வழுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் அதை எதிர்பார்த்து நிற்கவில்லை.

ஓரடி பின்னால் போன அந்த இளைஞன் போகவில்லை. "பெட்டி உண்மையிலேயே இருக்கா மிஸ்?" என்று கேட்டான். என் கம்பை வாங்கி, நான் தேடியதற்கு ஒரு முழம் மேலே இருந்த இடுக்கைத் தட்டினான். பிளாஸ்டிக் சத்தம் கேட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும் டப்பா. உள்ளே சுருட்டிய கடதாசி. எல்லாம் ஆங்கில எழுத்துப் பெயர்கள். மகள் தன் பெயரைத் தமிழில் எழுதினாள். டப்பாவுக்குள் மாபிள் போக இடமிருக்கவில்லை. அவள் ஒரு மாபிளை அந்த இளைஞன் கையில் கொடுத்தாள். அவன் சிரித்துக்கொண்டு சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

இறங்கி வரும்போது மகள் கேட்டாள்: "உம்மா, எங்கட பேக்க மட்டும் ஏன் பார்த்த?"

பதில் சொல்ல எனக்கு நேரம் எடுத்தது. காரணம் அந்தப் பெரியவர் இல்லை. நான்தான்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு பள்ளிக்கூடங்கள் திரும்பத் திறந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வாசலில் பெற்றோரும் ஆசிரியர்களும் நின்று ஒவ்வொரு பிள்ளையின் பேக்கையும் திறந்து பார்த்தோம். நானும் நின்றேன். எங்கள் பிள்ளைகளின் பேக்கை நாங்களே. ஒரு நாள் ஒன்பதாம் ஆண்டு மாணவன் ஒருவனின் பேக்கில் ஒரு உடைந்த மணிக்கூடும் வயர்த் துண்டுகளும் பெட்டரியும் இருந்தன. எதையும் கழற்றிப் பூட்டுகிற பிள்ளை அவன். எனக்கு அது தெரியும். தெரிந்தும் பதறிப்போய் பேக்கை எல்லோருக்கும் முன்னால் நிலத்தில் கொட்டினேன். "உனக்கு மூளை இல்லையா? எங்களையும் மாட்டிவிடப் பார்க்கிறியா?" என்று கத்தினேன். அவன் ஒரு வார்த்தை பேசாமல் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். அதற்குப் பிறகு அவன் ஒரு வயரையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வந்ததை நான் காணவில்லை.

பெரியவருக்கு என்னைத் தெரியாது, ஆனாலும் மரியாதையாகக் கேட்டார். எனக்கு அந்தப் பிள்ளையை நன்றாகத் தெரியும், ஆனாலும் நான் கேட்கக்கூட இல்லை.

மகளிடம் இப்படிச் சொன்னேன்: "பயந்தா கேக்கலாம் மகள். அது பிழையில்ல. ஆனா கேட்டா எல்லாரிட்டயும் கேக்கணும். ஒரு சாராரிட்ட மட்டும் கேக்கிறது நியாயமில்ல. அதை நாங்களும் மரியாதையாச் சொல்லணும்." அவள், "நீங்க சொன்னீங்கதானே" என்றாள். சொன்னேன்தான், ஆறு வருஷம் பிந்தி, வேறொருவரிடம்.

பயம் நமது நாட்டுக்கு மட்டும் உரியதும் இல்லை. 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி என்ற சிறு நகரத்தில் ஒருவர் கடைத்தெருவில் பெட்டி தேடுவதைக் கண்டவர்கள் பொலிசுக்குச் சொல்ல, குண்டு செயலிழப்பவர்கள் வந்து அந்த விளையாட்டுப் பெட்டியை வெடிக்க வைத்தார்கள். அதனால்தான் பெட்டிக்கு வெளியே இன்னதென்று எழுதுங்க, உள்ளே தெரிகிற டப்பாவாக வைங்க, பாடசாலை, இராணுவ முகாம், ரயில் பாதை பக்கம் வைக்காதீங்க, மண்ணுக்குள் புதைக்காதீங்க என்றெல்லாம் சொல்கிறார்கள்.

ஆகவே என் பட்டியலில் இனி இவையும்:

பெட்டரி, வயர், பவர் பேங்க் எல்லாம் தெளிவாகத் தெரியும் சிப் பையில், பேக்கின் மேலேயே. டேப் சுற்ற வேண்டாம்.

தேசிய அடையாள அட்டை. விளையாட்டு என்னவென்று சிங்களத்திலும் தமிழிலும் அரைப் பக்கம் எழுதிய கடதாசி.

மேலே ஏறுமுன் பக்கத்து வீட்டிலோ கடையிலோ ஒரு வார்த்தை: இப்படி ஒன்றைத் தேட வந்திருக்கிறோம் என்று. அதைப் பயத்தில் செய்யவேண்டாம். அவர்கள் ஊருக்குப் போகிறோம், ஸலாம் சொல்லாமல் வீட்டுக்குள் போவோமா?

தனியாகப் போகவேண்டாம். பிள்ளையைக் கட்டாயம் கூட்டிப் போங்க. பிள்ளைக்குச் சிங்களம் படிப்பிங்க, சோதனைக்கு மட்டுமில்லாமல் பேசுவதற்கும்.

இன்ஷா அல்லாஹ், வருகிற லீவில் எட்டாம், ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகள் பத்துப் பேரைக் கூட்டிப்போக அதிபரிடம் கேட்டிருக்கிறேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. சொன்னதும் பெற்றோருக்கு அறிவிப்பேன்.

கடைசியாக ஒன்று. அந்த மணிக்கூட்டுப் பிள்ளைக்கு இப்போது இருபது வயதாகி இருக்கும். பெயர் எழுதமாட்டேன், ஏற்கெனவே ஒருமுறை அவனை எல்லோருக்கும் முன்னால் நிறுத்திவிட்டேன். அவர்கள் குடும்பம் ஊர் மாறிப் போய்விட்டதாகக் கேள்வி. அன்று வாசலில் நின்ற பெற்றோரும் பிள்ளைகளும் இதை வாசிக்கிறீங்க, யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கு விளங்கும். அவனோடு தொடர்பில் இருக்கிறவங்க தயவுசெய்து இதை அவனுக்குச் சேர்த்துவிடுங்க.

மகன், டீச்சர் செய்தது பிழை. மன்னித்துக்கொள். வயரும் மணிக்கூடும் இன்னும் கையில் இருந்தால் எங்கள் பத்துப் பேரோடும் வா. பிள்ளைகளுக்கு ஜீபிஎஸ் எப்படி வேலை செய்கிறதென்று என்னைவிட நீதான் நன்றாகச் சொல்லிக் கொடுப்பாய்.

துஆ செய்துகொள்ளுங்க. வஸ்ஸலாம்.