டீச்சரம்மா

அத்தைப்பாட்டிக்கு மயிலாப்பூர் பிடிக்கவே இல்லை. கோயில் பக்கம், லஸ் பக்கம், நினைத்தால் கடற்கரை என்று அப்பா எவ்வளவு சொன்னாலும், "எல்லாம் சரிடா, இங்கே எனக்கு என்ன வேலை?" என்றுதான் கேட்பாள். தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் ஆயுசின் பெரும்பகுதியைக் கழித்தவள். ஓய்வு பெற்ற பிறகு தனியாக இருக்க வேண்டாமென்று அப்பா வற்புறுத்தி அழைத்து வந்தார். அவள் அப்பாவுக்கு அத்தை, எங்களுக்கு அத்தைப்பாட்டி. சொந்தப் பிள்ளை, பேரன் யாரும் கிடையாது. பத்து வயதுக்குள் கல்யாணமும் ஆகி, எல்லாம் முடிந்தும் போயிற்று.

வேலையை அவளே உண்டாக்கிக்கொண்டாள். எதிர்வீட்டுப் பிள்ளைகள், பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவின் பெண், இஸ்திரிக்காரர் மகன் என்று சாயங்காலமானால் எங்கள் திண்ணை நிறைந்துவிடும். தச்சரிடம் சொல்லிப் பழைய பலகை ஒன்றை இழைத்து வாங்கினாள். ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்து, துணியில் தொட்டு அந்தப் பலகையில் பூசினாள். ஊமத்தை விஷமாயிற்றே, சமையலறை அம்மி பக்கம் அதைக் கொண்டுபோகவே மாட்டாள். கொல்லையில் இதற்கென்று தனியாக ஒரு கல். ஒரு பூச்சு காய்ந்ததும் இன்னொன்று, அதுவும் காய்ந்ததும் மூன்றாவது. பிறகு சாக்குக்கட்டியால் ஒரே ஒரு கோடு இழுத்துப் பார்ப்பாள். கோடு பொரிந்து விழாமல் நின்றால்தான் திருப்தி. சிலேட்டைத் துடைக்கக் கோவையிலை, கூட்டல் கழித்தலுக்குப் புளியங்கொட்டை. காசு கொடுத்து வாங்கியது சாக்குக்கட்டி மட்டும்தான்.

இதையெல்லாம் எங்கே கற்றாய் என்று கேட்டேன். "பலகைக்குக் கறுப்படிக்கிறது கிராமத்துல. பாக்கி எல்லாம் ஐஸ் ஹவுஸ்ல" என்றாள்.

மெரினா சாலையில் பஸ்ஸில் போனால் அந்தக் கட்டடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்க 1840-களில் கட்டியது. 1897-இல் விவேகானந்தர் வந்து தங்கினார். 1963-இல் விவேகானந்தர் இல்லம் என்று பெயர் மாறியும், பாட்டி வாயில் அது கடைசிவரை ஐஸ் ஹவுஸ்தான். இந்த இரண்டு கதைகளும் ஊருக்குத் தெரியும். விவேகானந்தர் வந்து போனதற்கும் இந்தப் பெயர் மாற்றத்துக்கும் நடுவே அந்த வீடு இளம் விதவைகள் தங்கிப் படித்த இடமாக இருந்ததைத்தான் இப்போது சொல்ல ஆளில்லை.

அந்த விடுதியை நடத்திய சகோதரி ஆர்.எஸ். சுப்புலட்சுமி மயிலாப்பூரில் 1886-இல் பிறந்தவர். அவரும் சிறுமியாக மணமாகி, சிறுமியாகவே கணவனை இழந்தவர். பெற்றோர் அவரை மூலையில் உட்கார வைக்காமல் படிக்க வைத்தார்கள். 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவர்தான். அடுத்த வருஷமே சாரதா மகளிர் சங்கம். எழும்பூர் வீட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்களோடு தொடங்கிய விடுதி வளர்ந்து ஐஸ் ஹவுஸுக்கு வந்தது. ஆசிரியைகளை உருவாக்க 1922-இல் லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தபோது அதற்கு முதல்வரும் அவரே. அந்த விடுதியில் பிராமணப் பெண்களுக்கு மட்டும்தான் இடம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அது பெரிய குறைதான். அங்கே படித்துவிட்டு வெளியே போன பெண்கள் யார் யாருக்குப் பாடம் சொன்னார்கள் என்பதையும் சேர்த்துத்தான் நான் எடை போடுகிறேன்.

கும்பகோணத்தில் ரயிலேறி எழும்பூரில் இறங்கி, அத்தைப்பாட்டியை அவளுடைய அப்பா அங்கே கொண்டுவிட்டது சாரதா சட்டம் வருவதற்குச் சற்று முன். பெண்ணின் திருமண வயதைப் பதினாலு ஆக்கிய அந்தச் சட்டம் 1929-இல் நிறைவேறியது. "எனக்குத்தான் ரெண்டு வருஷம் லேட்டாயிடுத்து" என்பாள் பாட்டி. குரலில் வருத்தம் இருக்காது, தேதி சொல்கிற மாதிரி சொல்வாள்.

சொந்தக்காரர்கள் வருத்தப்பட்டார்கள். கல்யாண வீடுகளில் அவளைப் பற்றிப் பேச்சு வந்தால், "பாவம், அவளுக்குன்னு என்ன இருக்கு?" என்பார்கள். தாலி முடிகிற நேரத்தில் அவள் தானாகவே பின்கட்டுக்குப் போய்விடுவாள். ஒருவரும் போகச் சொன்னதில்லை, இரு என்றும் சொன்னதில்லை. அந்தப் பரிதாபத்தை இன்றைக்கும் என்னால் ஏற்க முடியவில்லை. அப்பா கல்லூரியில் படித்தபோது மாசம் பிறந்தால் மணியார்டர் வந்துவிடும். அனுப்பியது அத்தைப்பாட்டி. வீட்டில் எத்தனையோ ஆண்கள் இருந்தும் நிலையான சம்பளம் அவள் ஒருத்திக்குத்தான். அவளைப் பாவம் என்றவர்களில் சிலர் அந்த மணியார்டரில் பரீட்சைப் பணம் கட்டியவர்கள்.

கிராமத்தில் அவளுக்கு நடந்ததே வேறு. விஜயதசமியன்று பள்ளிக்கூட வாசலில் தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரிசையாக நிற்பார்களாம். தாம்பாளத்தில் நெல்லைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்க வேண்டும். அது டீச்சரம்மா கையாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார்களாம். முதல் வருஷம் இவள் பயந்துபோய், "நான் கூடாது, வேற யாராவது சுமங்கலியைக் கூப்பிடுங்கோ" என்றிருக்கிறாள். கூட்டத்தில் ஒரு பெண், "எழுத்து தெரிஞ்ச கை உங்க கைதானே டீச்சரம்மா" என்று சொல்லிக் குழந்தையை மடியில் வைத்துவிட்டாளாம். இதைச் சொல்லும்போது மட்டும் பாட்டியின் குரல் மாறும். அத்தனை வருஷம் வீடு எட்ட நிறுத்தி வைத்த கையை ஊர் அப்படிப் பிடித்துக்கொண்டது.

சேரிக்குள் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவந்தபோது அக்கிரகாரத்தில் வாடகைக்கு இருந்த வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கூரைவீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். 1956-இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு வந்த பிறகு இந்த அலைச்சல் குறைந்தது என்பாள். அதுவரை மாடு மேய்க்கப் போய்விடும் பையன்களை வரப்பு வரப்பாகத் தேடிப் பிடிக்க வேண்டும். சோறு வந்ததும் அவர்களே வந்தார்கள். காமராஜர் படம் பேப்பரில் வந்தால் அந்தப் பக்கத்தில் பொட்டலம் மடிக்க விடமாட்டாள்.

சாயங்காலம் தாய்மார்களுக்கும் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தாள். தபால்காரர் மைப்பெட்டியைத் திறந்தால், "இருங்கோ, அவளுக்குப் பேர் எழுத வரும்" என்று தடுப்பாளாம். எழுதி முடிக்கும்வரை தபால்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

தீபாவளிக்குத் துணி எடுக்கத் தி.நகர் போனால் உஸ்மான் ரோடு கூட்டத்தில் எங்களை இழுத்துக்கொண்டு சாரதா வித்யாலயா வாசல்வரை போவாள். வயது கடந்து வந்த பெண்களை விடுதியில் சேர்க்க முடியாததால் சிஸ்டர் சுப்புலட்சுமி தொடங்கி, பின்னால் ராமகிருஷ்ண மிஷன் ஏற்று நடத்திய பள்ளி அது. மயிலாப்பூரில் வித்யா மந்திரைத் தாண்டும்போதும் அப்படித்தான். 1956-இல் அதைத் தொடங்க முன்நின்றபோது சிஸ்டருக்கு எழுபது வயது என்று எங்களிடம் கணக்குப் போட்டுக் காட்டுவாள். அந்த வயதிலும் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்துக்குப் போய்க் கிராமத்துப் பெண்களோடு வேலை செய்தவர் அவர். 1969-இல் வைகுண்ட ஏகாதசியன்று சிஸ்டர் காலமானார். செய்தி தெரிந்த அன்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்து, தனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த இடத்தின் கதையை முழுதாகச் சொன்னதாகப் பாட்டி எங்களிடம் சொல்லியிருக்கிறாள்.

ஊரிலிருந்து ஆட்கள் வருவார்கள். பரங்கிக்காயும் முருங்கைக்காயும் சாக்கில் கட்டி, "டீச்சரம்மா இருக்காங்களா?" என்று வாசலில் நிற்பார்கள். தலை நரைத்த மனிதர்கள்கூட அவள் முன்னால் நாற்காலியில் உட்கார மாட்டார்கள். பாட்டி அவர்களின் பேரக்குழந்தைகள் எந்த வகுப்பு, வாய்ப்பாடு எதுவரை வரும் என்றுதான் முதலில் விசாரிப்பாள்.

பென்ஷனுக்காக வருஷத்துக்கு ஒருமுறை நேரில் போய்த் தலையைக் காட்டிவிட்டு வர வேண்டியிருந்தது. கடைசி வருஷங்களில் நான்தான் ஆட்டோவில் அழைத்துப் போவேன். கை நடுக்கம் வந்துவிட்டிருந்தது. கவுண்டரில் இருந்தவர் நல்லவர். பாட்டி சிரமப்படுவதைப் பார்த்து, "பரவாயில்ல பாட்டி, கைநாட்டு வச்சாப் போதும்" என்று மைப்பெட்டியை நகர்த்தினார். பாட்டி அதைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினாள். பேனாவை இடதுகையால் வலதுகை விரல்களுக்கு நடுவே பொருத்திக்கொண்டாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

"கொஞ்சம் பொறுங்கோ, எழுதறேன்" என்று சொல்லி இனிஷியலில் ஆரம்பித்தாள்.