சிவப்புச் சூரியனின் கீழே

சூப்பர்மேனும் பேட்மேனும் பொருதினால் வெல்பவர் யார் என்னும் வழக்கு நம் இல்லத்தில் அடிக்கடி விசாரணைக்கு வருவதுண்டு. நம் பேரர்கள் இருவரும் இதில் தேர்ந்த வழக்கறிஞர்கள். ஆயத்தமாவதற்கு ஒரு வாரம் தவணை கிடைத்தால் பேட்மேனை எவராலும் வெல்ல இயலாது என்பான் மூத்தவன். தவணை கொடுப்பதற்குச் சூப்பர்மேன் என்ன கடன் கொடுத்தவரா என்று மடக்குவான் இளையவன். "நன்னா, நீங்கள் யார் கட்சி?" என்று இருவரும் நம்மைக் கேட்பர்.

நாம் முஹம்மது அலியின் கட்சி.

இது வேடிக்கையன்று. டென்னி ஓநீலின் கதையை நீல் ஆடம்ஸ் விரித்தெழுதிச் சித்திரம் தீட்ட, 'சூப்பர்மேன் எதிர் முஹம்மது அலி' என்னும் பெரிய அளவுப் படக்கதையை 1978-இல் டி.சி. நிறுவனம் வெளியிட்டது, 2010-இல் மறுபதிப்பும் வந்தது. வேற்றுலகப் படையொன்று பூமியை மிரட்டித் தன் வீரனோடு மோதப் பூமியின் தலைசிறந்த வீரனை அனுப்பக் கோருகிறது. சூப்பர்மேன் முன்வர, அவர் இம்மண்ணில் பிறந்தவரல்லரே என்று அலி மறுக்கிறார். வழக்கைத் தீர்க்க இருவரும் குத்துச்சண்டை மேடை ஏறுகின்றனர். களமோ சிவப்புச் சூரியனின் கீழுள்ள ஓர் அயல் கோள். மஞ்சள் சூரியன் அளித்த ஆற்றலெல்லாம் அங்கே சூப்பர்மேனை விட்டு அகன்றுவிடுகின்றன. அலி வெல்கிறார்.

"ஆற்றலைப் பறித்துவிட்டு அடிப்பது நியாயமா?" என்று பேரர்கள் கொதிப்பர். நியாயந்தான் என்பது நம் தீர்ப்பு. குண்டு துளைக்காத மேனியோடு குண்டுக்கு முன் நிற்பது வீரமாகுமா? வலிக்கும் உடம்பைக் கொண்டு நிற்பவனையன்றோ வீரன் என்கிறோம்! வியட்நாம் போருக்காகப் படையில் சேர மறுத்தமையால் 1967-இல் அலியின் உலகப் பட்டம் பறிக்கப்பட்டது. ஐந்தாண்டுச் சிறைத் தண்டனையும் விதிக்கப்பட்டது. ஜாமீனில் இருந்ததால் சிறை செல்லவில்லை. எனினும் உடல் உச்ச வலிமையில் இருந்த மூன்றரை ஆண்டுகள் மேடையின்றியே கழிந்தன. 1971-இல்தான் உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. அவருக்குரிய மஞ்சள் சூரியனையும் மறைத்துத்தான் பார்த்தார்கள்.

எனினும் அப்படக்கதையில் நம் மனத்தைப் பிணித்த இடம் அலியின் வெற்றியன்று. முகம் வீங்கி, நினைவு மங்கிய நிலையிலும் சூப்பர்மேன் விழ மறுத்து நிற்கிறார். அலி குத்துவதை நிறுத்திவிட்டு, ஆட்டத்தை நிறுத்துமாறு தாமே கேட்கிறார். அதன் பின்னரே சூப்பர்மேன் சரிகிறார்.

1980 அக்டோபர் 2-ஆம் நாள் லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸை எதிர்த்தபோது அலிக்கு வயது முப்பத்தெட்டு. ஹோம்ஸ் முன்னாளில் அவருக்குப் பயிற்சித் துணையாக இருந்தவர். சுற்றுக்குச் சுற்று அடி விழுந்தது. அலியின் கைகள் பதில் சொல்லவில்லை. ஆனால் அவர் விழவில்லை. ஹோம்ஸ் குத்துவதற்கிடையே நடுவரின் முகத்தைப் பார்த்தார், நிறுத்தமாட்டாரா என்று. பத்தாம் சுற்று முடிந்ததும் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி ஆட்டத்தை நிறுத்தினார். வென்ற ஹோம்ஸ் பின்னர் கண்ணீர் விட்டார்.