ஓடுகிற மாட்டையும் நிறுத்து

இரட்டை எஞ்சின் விமானத்தில் ஒரு எஞ்சின் நின்றால் பாதி பலம்தானே போகும் என்று தோன்றும். ஆனால் மேலே ஏறும் திறனில் 80 சதவீதமோ அதற்கு மேலோ போய்விடும். மிதந்துகொண்டிருக்கத் தேவையானது போக மிச்சமுள்ள பலத்தில்தான் விமானம் ஏறுகிறது. நின்றுபோன எஞ்சின் அந்த மிச்சத்தைத்தான் தின்னும்.

அமெரிக்காவில் ஒற்றை எஞ்சின் பயிற்றுநர் சான்றிதழ் வாங்கிவிட்டு, இரட்டை எஞ்சின் தேர்வுக்கு முன் ஊருக்கு வந்திருந்தேன். இரட்டை எஞ்சினில் விமானியாக 15 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பது விதி. அது ஆயிற்று. தேர்வாளரையே மாணவராக உட்காரவைத்துப் பாடம் நடத்துவதுதான் பாக்கி.

சேரன்மகாதேவியில் மாமாதான் கிடைத்தார். கன்னடியன் கால்வாய்ப் பாசனம், நெல்லு. ஒரு காலத்தில் வண்டி வைத்திருந்தவர். இடது எஞ்சின் நின்றால் மூக்கு இடப்பக்கம் திரும்பும் என்று ஆரம்பித்தேன்.

“இதுல என்னட்டி இருக்கு? ஒரு மாடு படுத்துட்டா வண்டி அந்தப் பக்கம்தான் போவும்.”

திரும்பவிடாமல் பிடிப்பது வால் சுக்கான். காலால் மிதிக்க வேண்டும். காற்று வேகமாக அடித்தால்தான் சுக்கானுக்குப் பலம். ஒரு வேகத்துக்குக் கீழே போனால் முழுசாக மிதித்தாலும் நிற்காது, விமானம் நின்ற எஞ்சின் பக்கம் குப்புறப் புரளும். வேகமானியில் அதற்கு ஒரு சிவப்புக் கோடு உண்டு.

“அப்பம் ஓடுத மாட்டையும் நிறுத்தணும்லா?”

மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன், இதைச் சொல்ல. நல்ல எஞ்சினைக் குறை, மூக்கைத் தாழ்த்து, வேகம் வரட்டும். தரைக்குப் பக்கத்தில் யாருக்கு மனசு வரும், இருக்கிற ஒரே எஞ்சினைக் குறைக்க?

“வாகைக்குளத்துக்கு வாரதும் ரெண்டு எஞ்சின்தான?”

“அது ஒண்ணு நின்னாலும் ஏறியே ஆகணும்னு சட்டம் இருக்கு, மாமா. எங்க சின்ன விமானத்துக்குக் கிடையாது.”

அடுப்படியிலிருந்து அம்மா. “ஒத்த எஞ்சின்லயே சொல்லிக்குடுத்தா என்ன?”

இரட்டை எஞ்சின் மணிநேரங்களைக் காசு கொடுத்துச் சேர்க்க எங்களால் முடியாது. சொல்லிக்கொடுத்தால் சம்பளத்தோடு சேரும். அம்மாவுக்கும் தெரியும். பயிற்சிக்காக எஞ்சினைக் குறைத்து, மீள உயரமில்லாமல் பயிற்றுநரும் மாணவரும் சேர்ந்து செத்த விபத்துகள் உண்டு. அதை நான் சொல்லவில்லை.

மாமா விடவில்லை. “அந்தப் பய ஒழுங்கா மிதிக்கலன்னா நீ என்ன செய்வ?”

3,000 அடிக்கு மேலேதான் இதைச் செய்துகாட்டுவோம். அங்கேயும் பயிற்றுநருக்கு ஒரு தந்திரம் உண்டு. மாணவர் மிதிக்கும் பெடலை நம் காலால் பாதியில் தடுப்பது. முழுசாக மிதித்துவிட்டதாக அவர் நினைப்பார், மூக்கு நழுவும். ஆபத்தான வேகத்துக்குப் போகாமலே பார்த்துவிடலாம்.

“அவன் தோக்கணும்னு நீயே காலை வைக்க.”

ஆமாம். எவ்வளவு நேரம் நழுவவிடலாம் என்பதுதான் இந்த வேலை. அதற்குப் புத்தகத்தில் எண் கிடையாது. தேர்வில் தேறினேன், அதில் சொல்ல ஒன்றுமில்லை.

முதல் மாணவன் என்னைவிட ஒரு சாண் உயரம். 4,500 அடி. இடது எஞ்சினைக் குறைத்து, பெடலுக்குப் பின்னால் காலைக் கொடுத்தேன். மூக்கு இடப்பக்கம் நகர ஆரம்பித்தது. மடியில் இருந்த என் கை எழுந்துவிட்டது. அதற்குள் அவனே வலது எஞ்சினைக் குறைத்து மூக்கைத் தாழ்த்தினான்.

இறங்கியபின் கேட்டான், பெடலைத் தடுத்தது நீங்களா என்று. ஆமாம் என்றேன். விமானத்தைக் கட்டிப்போடும்வரை அவன் என்னோடு பேசவில்லை.