கொழும்புத் தாத்தாவும் காலிமுகமும்

2025 ஜூன் மாசம் எங்க ஊர் கூமாப்பட்டி திடீரென்று பிரசித்தி ஆகிவிட்டது ஞாபகமிருக்கும். ஊர்ப் பையன் ஒருத்தன் தண்ணீரில் நின்றுகொண்டு, 'இது தனித்தீவு, எல்லாரும் வாங்க' என்கிற ரீதியில் செல்போனில் படம் பிடித்துப் போட, கார் கட்டிக்கொண்டு ஜனம் வந்து இறங்கிவிட்டது. வத்திராயிருப்பு தாண்டி வயலும் தென்னந்தோப்பும் பிளவக்கல் அணையும் மலையும்தான் எங்கள் சொத்து. கடலைப் பார்க்கணும் என்றால் தூத்துக்குடிக்கோ ராமேஸ்வரத்துக்கோதான் பஸ் ஏற வேண்டும். தீவாவது, ஒன்றாவது!

கூலிங் கிளாஸ் போட்ட ஒரு தம்பி எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, "சார், இங்க நல்ல ஹோட்டல் எங்க இருக்கு?" என்றார்.

"பஸ் நிக்கிற இடத்துல இருக்கு தம்பி. பரோட்டாவுக்கு சால்னா நிறையவே ஊத்துவாங்க."

"சாப்பிட இல்ல சார், தங்க..."

எங்க பக்கத்தில் ஹோட்டல் என்றால் சாப்பிடுகிற இடம். தங்குவதற்கு சொந்தக்காரர் வீட்டுத் திண்ணை. நான் முழிப்பதைப் பார்த்துத் திண்ணையிலிருந்து என் அத்தை குரல் கொடுத்தாள். "தங்குற ஹோட்டல் கொழும்புல இருக்குப்பா. எங்க அப்பாவைக் கேட்டா வழி சொல்லுவாரு. அவரு போய்ச் சேந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு!"

தம்பி காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு எப்படித் தெரியும், கடலோரத்து ராஜ ஹோட்டல் ஒன்றின் பெயர் எங்க தெருவில் 60 வருஷமாகப் புழங்குகிறது என்று! எவனாவது அளவுக்கு மீறி அளந்துவிட்டால், "சும்மா காலிமுகம் அடிக்காதே" என்போம். அகராதியில் தேடாதீர்கள், கிடைக்காது. அது என் தாத்தா ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போன சொல்.

தாத்தா 1938-ல், 16 வயசில், கொழும்புக்குப் போனவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ரயிலேறி, மதுரையில் மாறி, மண்டபம் முகாமில் உடம்பைச் சோதித்து ஊசி குத்தி அனுப்ப, தனுஷ்கோடியில் கப்பலேறி, 20 மைல் சொச்சம் கடலைத் தாண்டி, தலைமன்னாரில் மறுபடி ரயில். புறக்கோட்டையில் ஒரு பலசரக்குக் கடை. பொட்டலம் மடிப்பதில் ஆரம்பித்துக் கணக்கு எழுதுவது வரைக்கும் 26 வருஷம். 1964-ல், மேற்கொண்டு அங்கே இருக்க அனுமதி கிடைக்காமல் திரும்பி வந்துவிட்டார். அந்த அக்டோபரில்தான் சாஸ்திரியும் சிரிமாவோ பண்டாரநாயகாவும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவானது. டிசம்பரில் புயல் வந்து தனுஷ்கோடியையே வாரிக்கொண்டு போய்விட்டது. தாத்தா அதற்கெல்லாம் முன்னாலேயே கரை ஏறிவிட்டார்.

"ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு குடை, ஒரு பொய். 26 வருஷ சம்பாத்தியம் இவ்வளவுதான்" என்பாள் பாட்டி.

அந்தப் பொய் இதுதான்: "கால் ஃபேஸ் ஹோட்டல்ல, கடலைப் பாத்துப் பிரம்பு நாற்காலியில உக்காந்து டீ குடிச்சிருக்கேன். வாசல்ல பெரிய மீசைக்காரரு சலாம் போட்டாரு, தெரியுமா?"

அங்கே தமிழில் அந்த இடத்தை 'காலிமுகத் திடல்' என்பார்கள். காலி என்பது தெற்கே இருக்கிற ஊர். அதைப் பார்த்த முகமாக இருப்பதால் அந்தப் பெயர் என்று சொல்கிறார்கள். எங்க ஊர்க்காரர்களுக்குக் காலி என்றால் ஒரே அர்த்தம்தான். "காலிமுகமா? அதான் உம்ம முகத்தைப் பாத்தாலே தெரியுதே!" என்று மந்தையில் சிரித்தார்கள். அத்தை பள்ளிக்கூடத்தில் 'காலிமுகத்து மக' ஆனாள். அந்தப் பெயரோடு அவள் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில்கூட யாரோ அதைச் சொல்லிவைக்க, அந்தச் சம்பந்தம் அப்படியே நின்று போனதாம்.

நான் வளர்ந்த பிறகு, தாத்தா அளந்த அந்த ஹோட்டல் நிஜமாகவே இருக்கிறதா என்று தேடிப் படித்தேன். இருக்கிறது சார், 1864-லிருந்து!

திடல் அதற்கும் மூத்தது. குதிரைப் பந்தயம் ஓடிய வெட்டவெளி அது. சர் ஹென்றி வார்டு என்கிற கவர்னர் 1859-ல் கடலையொட்டி நடைபாதை போட்டு முடித்தார். கொழும்பின் பெண்களும் குழந்தைகளும் காற்று வாங்க இதைப் பாதுகாக்கும்படி பின்னால் வரும் கவர்னர்களுக்குச் சிபாரிசு செய்து கல்லிலும் வெட்டி வைத்தார். அஞ்சு வருஷம் கழித்து, அதே திடலின் தென்கோடியில் வெள்ளைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஹோட்டல் ஆரம்பித்தார்கள். பக்கத்தில் டச்சுக்காரர் காலத்து மாளிகை ஒன்று இருந்தது, கால் ஃபேஸ் ஹவுஸ் என்று. பெயரை அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது இலங்கை மலையில் தேயிலை கிடையாது, காப்பி! அந்தக் காப்பிக்காகக் காட்டை அழித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நம்ம ஜனம்தான். பஞ்சம் பிழைக்கப் போய், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகக் கால்நடையாகவே மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவும் காய்ச்சலும் கண்டு வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. மேலே அவர்கள் களை எடுக்க, கீழே துரைமார்கள் கடற்காற்று வாங்க இறங்கி வந்த ஊரில் இந்த ஹோட்டல். 1869-ல் காப்பி இலையில் துரு மாதிரி ஒரு நோய் விழுந்தது. சில வருஷங்களில் காப்பி படுத்துவிட்டது. துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். நம்மவர்கள் கூடையை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

ஹோட்டல் படுக்கவில்லை, காரணம் கப்பல். அதே 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. அதுவரை பெரிய கப்பல்கள் காலித் துறைமுகத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. 1875-ல் வேல்ஸ் இளவரசர் கல் நாட்டி, 1885 வாக்கில் கொழும்பில் அலைதாங்கிச் சுவர் கட்டி முடித்தார்கள். பிறகு ஆஸ்திரேலியா போகிறவனும் சீனா போகிறவனும் கொழும்பில் இறங்கிக் கால் நீட்டாமல் போவதில்லை. கூட்டம் தாங்காமல் 1894-ல் எட்வர்டு ஸ்கின்னர் என்கிற கட்டடக் கலைஞரை வைத்துப் பெரிதாக்கினார்கள். பினாங்கின் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் 1885, சிங்கப்பூர் ராஃபிள்ஸ் 1887, ரங்கூன் ஸ்ட்ராண்ட் 1901, பம்பாய் தாஜ் 1903. எல்லாருக்கும் மூத்த அண்ணன் நம்ம காலிமுகம்!

தங்கினவர்கள் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். ஹோட்டல் வைத்திருக்கும் பட்டியலில் காந்தி இருக்கிறார், விண்வெளி வீரர் ககாரின் இருக்கிறார். ஆர்தர் கிளார்க் தன் '3001' நாவலின் கடைசி அத்தியாயங்களை இங்கே தங்கித்தான் எழுதினார். எலிசபெத் ராணியின் கணவர் பிலிப், கடற்படைப் பையனாகக் கொழும்பில் இருந்த 1940-ல் வாங்கிய சின்னக் கார் ஒன்றை இன்னும் அங்கே வைத்திருக்கிறார்கள். விலை 12 பவுன். (இதை அத்தையிடம் சொன்னபோது, "12 பவுன் போட்டா அந்தப் பொண்ணைக் கட்டிக் குடுத்தாங்க?" என்று கேட்டாள்.)

இதில் என்னை நிறுத்தி வைத்த பெயர் இவர்களில் யாருமில்லை. சாத்துக் குட்டன் என்று ஒருத்தர். கேரளத்துக்காரர். பெற்றோரை இழந்த பையன், தாத்தா போன அதே 1938-ல், அதே மாதிரி ரயிலும் கப்பலுமாகப் போனவர். ஒரு வீட்டில் வேலைக்காரராக இருந்துவிட்டு 1942-ல் ஹோட்டலில் சேர்ந்தார். அந்த ஏப்ரலில்தான் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். சேர்ந்தவர் எழுபது வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தார். வெள்ளை உடுப்பும் முறுக்கு மீசையுமாக வாசலில் நின்று, ராஜாக்களுக்கும் மந்திரிகளுக்கும் கைகூப்பி வரவேற்பு சொல்வார். 2014 நவம்பரில், 94 வயசில் காலமானபோது உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. படத்தைப் பார்த்தேன். அசல் மீசை!

ஆக, மீசைக்காரர் நிஜம். அப்படியானால் தாத்தா?

அதை எனக்குத் தாத்தாவே சொல்லியிருந்தார். 1991-ல், கண்ணை மூடுவதற்கு ரெண்டு மாசம் முன்னால், வாழைக்கு மடை மாற்றிவிட்டு இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்திருந்தோம்.

"ஞாயித்துக்கிழமை கடை அடைச்சதும் திடலுக்குப் போவேன். ரெண்டு சதத்துக்குக் கடலை. சுவர்ல சாஞ்சு அந்த ஹோட்டல் லைட்டையே பாத்துக்கிட்டு இருப்பேன். ஒரு தடவை, சம்பளம் உசந்த மாசம், புது வேட்டி கட்டி, கையில காசு முடிஞ்சுக்கிட்டு வாசப்படி வரைக்கும் போயிட்டேன்..."

"யாரு தடுத்தா?"

"ஒருத்தரும் தடுக்கல. காலு வரல. திரும்பிட்டேன்." மம்பட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "உங்க அத்தைக்குத் தெரிய வேண்டாம். எனக்காக எத்தனை பேர்கூட மல்லுக்கு நின்னிருக்கா."

1956-லேயும் கொஞ்ச நாள் திடல் பக்கம் போகவில்லையாம். ஜூன் 5-ஆம் தேதி தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து, தந்தை செல்வா தலைமையில் தமிழர் தலைவர்கள் அந்தப் புல்லில்தான் சத்தியாக்கிரகம் உட்கார்ந்து அடிபட்டார்கள். கடையில் கதவை இழுத்துச் சாத்திவிட்டு உள்ளேயே இருந்தோம் என்றார். இதை மந்தையில் ஒரு நாளும் சொன்னதில்லை. டீயை மட்டும்தான் சொன்னார்.

2023-ல் எனக்குக் கொழும்பு போகிற சந்தர்ப்பம் வாய்த்தது. தாத்தா ரயிலும் கப்பலுமாகப் போன ஊருக்கு, மதுரையிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம். கொடுத்த காப்பி ஆறுவதற்குள் இறக்கிவிட்டார்கள்.

சாயங்காலம் திடலுக்குப் போனேன். முந்தின வருஷம் ஜனங்கள் மாசக்கணக்கில் கூடாரம் போட்டு, ஜனாதிபதியையே நாட்டை விட்டு ஓடவைத்த இடம். இப்போது பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். இறால் வடை ஒன்று வாங்கித் தின்றேன். தென்கோடியில் ஹோட்டல் விளக்குப் போட்டது. 2015-ல் புதுப்பித்து முடித்த கட்டடம், பளபளவென்று நின்றது. தாத்தா சாய்ந்த சுவர் எது என்று நான் யாரைக் கேட்பது?

வாசப்படிக்குப் போனேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கும் கால் வரவில்லை! பாங்க் கார்டு இருக்கிறது, பாஸ்போர்ட் இருக்கிறது, ஷூகூடப் போட்டிருக்கிறேன். வெள்ளை உடுப்புக்காரர் ஒருத்தர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சிரித்தார். அவரைக் காக்க வைப்பது மரியாதையில்லையே என்றுதான் உள்ளே நுழைந்தேன்.

உயரமான கூரை, வழவழவென்று மரம், அதைத் தாண்டினால் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட முற்றம், அதற்கு அந்தப் பக்கம் கடல். அலை சுவரில் மோதுகிற சத்தத்தில் பக்கத்து மேஜைப் பேச்சுகூடக் கேட்கவில்லை. மெனு கார்டில் டீயின் விலையைப் பார்த்ததும் பகீரென்றது. இலங்கை ரூபாய்தானே என்று நாலால் வகுத்தேன். அப்படியும் பகீரென்றுதான் இருந்தது. டீ, சொன்னால் சொன்னதுதான், எங்க ஊர் டீக்கடை மாஸ்டர் போடுவதில் பாதி காணாது. வெந்நீர் தனி, பால் தனி, சீனி தனியாகக் காகிதப் பொட்டலத்தில். நாமேதான் கலந்துகொள்ள வேண்டும்! வெளியே கொடி இறக்கினார்கள். சூரியன் கடலுக்குள் போகிற வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு, சீனிப் பொட்டலம் ரெண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ஊருக்கு வந்ததும் அத்தை பிடித்துக்கொண்டாள். "ஏன்டா, அந்த ஹோட்டலுக்குப் போனியா?"

"போனேன் அத்தை."

"எங்க அப்பா சொன்ன மாதிரியேதான் இருக்கா?"

"அப்படியேதான் இருக்கு. பிரம்பு நாற்காலி, கடல், மீசைக்காரர் படம் எல்லாம். உள்ள போய் உக்காராதவர் இவ்வளவு கரெக்டா சொல்ல முடியாது."

அத்தை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் பையிலிருந்து ஒரு சீனிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"காலிமுகம் அடிக்கிறதுல நீ அவரையே மிஞ்சிருவே போலிருக்கே" என்று சொல்லிக்கொண்டே, பொட்டலத்தைப் பிரித்துத் தன் டம்ளரில் கொட்டி, விரலாலேயே கலக்கி, ஒரு வாய் குடித்தாள்.

"இன்னொண்ணு இருந்தாக் குடு. இனிப்புப் பத்தல."